ஏழாம் அத்தியாயத்தில் வந்தவன்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12 ஜூன் 2025

அன்புத் தோழி பரிபூரணத்துக்கு,

ஸாவித்ரி எழுதுகிறேன். ஆண்டாள் கடாட்சத்தில் உடம்பு தேறி வருகிறது. இடது கால் மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. குளியலறையில் விழுந்து, ப்ளேட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அதையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயா?

உன் பிள்ளை எட்வின் கூப்பிட்டால் லைன் காலியாக இருக்க வேண்டும், போனில் யாரும் கூப்பிடாதீர்கள் என்று நீ சொன்னதால்தான் இந்தக் கடிதம். பக்கத்து ஊருக்கு ஸ்டாம்ப் ஒட்டுவதைப் பார்த்து என் மருமகள் அனுக்ரஹாவுக்கு ஒரே சிரிப்பு. "ராஜபாளையம் என்ன அமெரிக்காவிலயா இருக்கு?" என்கிறாள். சிரிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலிலிருந்து ஒரு தொடர்கதை வேண்டும் என்று வாரப் பத்திரிகை எடிட்டர் ஸுந்தரராஜன் கேட்கிறார். யுத்தத்தைத் தாங்கி நிற்கிற ஒரு பெண்ணின் கதையாக இருக்க வேண்டுமாம். "இப்ப வாசகிகள் அதைத்தான் விரும்பிப் படிக்கிறாங்கம்மா" என்றார். முப்பத்தொரு நாவல் எழுதிவிட்டேன். மாமியார், நாத்தனார், நகை என்று எழுதியே காலம் போய்விட்டது. யுத்தத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்து யுத்தம் நுழைந்த வீடு உன் வீடு ஒன்றுதான்.

ஆறாம் வகுப்பிலிருந்து உன்னிடம் எதையும் சுற்றி வளைத்துக் கேட்டதில்லை. உன் கதையை நான் எழுதலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம். கோபித்துக்கொண்டு பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஸாவித்ரி


ராஜபாளையம்
20 ஜூன் 2025

அன்புள்ள ஸாவித்ரிக்கு,

மாதா துணையால் நான் சுகம். மூட்டு வலிக்கிறது, நான் நடக்கிறேன். இரண்டு பேரும் சண்டை போடாமல் குடித்தனம் நடத்துகிறோம். உன் காலைத் தரையில் ஊன்றச் சொல்லிவிட்டார்களா? அவசரப்படாதே.

எழுதிக்கொள். ஆனால் என் பெயரும் அவன் பெயரும் வரக் கூடாது. அந்த நாட்டின் பெயரும் வரக் கூடாது. அதை என் கையால் எழுத மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். உன் கதாநாயகிகள் எல்லாம் அழுது முடித்தவுடன் முகம் கழுவிக்கொண்டு மொட்டை மாடியில் போய் நிமிர்ந்து நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் மொட்டை மாடி கிடையாது, ஓடுதான். நிமிர்ந்து நிற்க எனக்கு நேரமும் கிடையாது. காலையில் ஏழு மணிக்குச் சத்திரப்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். டிப்ளமோ படித்த பிள்ளை. கிடங்கில் சாமான் அடுக்குகிற வேலை என்று சொல்லித்தான் ஏஜெண்ட் கூட்டிப் போனான். அங்கே போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரி பத்தொன்பதாம் தேதி பேசியதுதான் கடைசி. "எம்மா, முழங்கால் மட்டும் பனி கெடக்கு. ஒங் கொழம்பு வாசம் மூக்குலயே நிக்கிம்மா" என்றான். லைன் கட்டாகிவிட்டது.

எங்கள் பேண்டேஜ் கம்பெனிப் பெண்களுக்கு, எங்கே சண்டை நடந்தாலும் டிவிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். சூப்பர்வைசர் ராக்கப்பன் அண்ணாச்சி வந்து, "இன்னைக்கு ஓவர்டைம் இருக்கு, யாரும் போயிராதீய" என்றால் எங்கேயோ குண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வருஷம் ஓவர்டைம் இல்லாத வாரமே இல்லை. நான் மடித்து அடுக்குகிற துணி யார் காயத்துக்குப் போகிறதோ என்று நினைத்துக்கொண்டே மடிப்பேன். என் பக்கத்து மேஜைப் பாண்டிசெல்விதான் சாப்பாட்டு நேரத்தில் உன் நாவல்களை உரக்கப் படிப்பாள். "எக்கா, இந்தம்மா அழ வைக்கிறதுல கில்லாடிக்கா" என்பாள்.

என்னை அழ வைக்கிற மாதிரி எழுதாதே. மற்றபடி உன் இஷ்டம்.

கால் பத்திரம்,
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 ஜூலை 2025

என் பரிபூரணத்துக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பூஜை அறை வரை போய்விட்டேன். ராஜ்ஜியத்தையே பிடித்த மாதிரி இருந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய்தானே?

முதல் மூன்று அத்தியாயங்களை இத்துடன் அனுப்புகிறேன். உனக்கு மரிய புஷ்பம் என்று பெயர் வைத்திருக்கிறேன், பையனுக்கு ரெக்ஸ். மூன்றாவதை வியாழக்கிழமை மத்தியானம்தான் எழுதி முடித்தேன். கொஞ்சம் கற்பனை கலந்திருக்கிறது. மகன் கடைசியாகக் கழற்றிப் போட்ட கட்டம் போட்ட சட்டையை, வாசனை போய்விடக் கூடாது என்று மரிய புஷ்பம் துவைக்காமலே வைத்திருக்கிறாள். ஒருநாள் பார்த்தால் அந்தச் சட்டை கொடியில் சொட்டச் சொட்ட நனைந்து தொங்குகிறது. அவள் அதை எடுக்க ஒரு கையைத் தூக்குகிறாள். அத்துடன் 'தொடரும்'.

நான் எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு பழைய எடிட்டர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஆள் கையைத் தூக்கினால் அந்த வாரம் இறக்கக் கூடாதாம். பாதியில் நிறுத்தினால்தான் அடுத்த வாரம் வாங்குவார்கள். முப்பது வருஷமாக அதுவே பழக்கமாகிவிட்டது. எந்த அத்தியாயத்திலும் ஒருவரையும் முழுதாக ஒரு காரியத்தை முடிக்க விட்டதில்லை.

படித்துவிட்டுத் தாராளமாகத் திட்டு.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
ஸாவித்ரி


ராஜபாளையம்
11 ஜூலை 2025

ஸாவித்ரிக்கு,

நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.

ஏட்டி, உண்மையைச் சொல். என் வீட்டுக்கு ஆள் அனுப்பி வேவு பார்த்தாயா? எட்வினுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை நான் துவைக்காமல் பீரோவில் வைத்திருப்பது உனக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொன்னதில்லை. பாண்டிசெல்விக்குக்கூடத் தெரியாது.

அதுகூடப் போகட்டும். போன வாரம், மூன்றாம் தேதி வியாழக்கிழமை, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். பின்கட்டுக் கொடியில் அந்தச் சட்டை தொங்கியது. பிழியாமல் போட்டது மாதிரி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பீரோச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எனக்கு மறதி வந்துவிட்டது, நானே துவைத்திருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டு எடுத்து வைத்தேன். தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி விரல் விறைத்துப்போனது.

உன் அத்தியாயம் எட்டாம் தேதிதான் வந்தது.

கதை நன்றாக இருக்கிறது. மரிய புஷ்பம் மொட்டை மாடிக்குப் போகவில்லை. அதற்கு நன்றி.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24 ஜூலை 2025

அன்புள்ள பரிபூரணம்,

உனக்கு ஒன்றும் இல்லையே? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அதே யோசனைதான். ஆடி பிறந்துவிட்டது. இங்கே ஆடிப்பூரத் தேருக்கு ஊர் நிரம்பிக்கொண்டிருக்கிறது, அடுத்த தெருவுக்குப் போக முடியவில்லை. நான் ஜன்னலோடு சரி.

அசட்டுத்தனமாக எதையாவது நினைக்காதே. பிள்ளை தூரதேசத்தில் இருந்தால் எந்த அம்மாவும் சட்டையைத் துவைக்க மாட்டாள். அதை ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை. நனைந்தது மழையாக இருக்கும். நீயே தூக்கக் கலக்கத்தில் துவைத்தும் இருக்கலாம். நான் எழுதிய நாளும் அதுவாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் பையன் வைகுந்த் டெல்லியில் வக்கீல் ஆபீஸில் இருக்கிறான் அல்லவா, அவனிடம் எட்வின் விஷயத்தை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து தப்பி வந்த பையன்கள் சிலர் அவர்கள் ஆபீஸுக்கு வருகிறார்களாம். ஏதாவது தெரிந்தால் உடனே எழுதுகிறேன்.

நான்காம், ஐந்தாம் அத்தியாயங்கள் இத்துடன். ஐந்தாவதை முந்தாநாள் செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் எழுதினேன். ரெக்ஸ் வழக்கமாகச் செய்கிற மாதிரி யாரோ வாசல் கதவின் நாதாங்கியை மூன்று தடவை ஆட்டுகிறார்கள். மரிய புஷ்பம் ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். நல்ல இடத்தில் நிறுத்தியிருக்கிறேன், இல்லையா?

தைலம் தேய்த்துக்கொள்.
ஸாவித்ரி


ராஜபாளையம்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஸாவித்ரிக்கு,

உன் கால் வலி குறைந்ததா? குறைந்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். இனி உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நாதாங்கி ஆடியது. மூன்று தடவை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும் சரி, வேலையிலிருந்து வந்தாலும் சரி, எட்வின் அப்படித்தான் ஆட்டுவான். "கதவு தொறந்துதான் கெடக்கு, ஏம்லே ஆட்டுதே?" என்று அவன் அப்பா தவசிமுத்து இருந்த காலத்தில் சத்தம் போடுவார். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அதற்கு மேல் என் கை நகரவில்லை. திறக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. உன் அத்தியாயம் எங்கே நின்றதோ அங்கேயே நின்றேன். வெயில் சாய்ந்த பிறகுதான் கை எனக்குக் கிடைத்தது. திறந்து பார்த்தால் படியில் ஈரம்.

ஸாவித்ரி, நீ எழுதுவது நடக்கிறது. நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டு வாங்கியதில்லை. இப்போது கேட்கிறேன். அவன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று எழுது. எடிட்டர் சாகடிக்கச் சொன்னால் கேட்காதே. கதை கெட்டுப்போனால் போகட்டும். என் பிள்ளை வாசலில் நிற்கிறான், உள்ளே வரத் தெரியாமல் நிற்கிறான். நீ எழுதினால்தான் அவன் படியேறுவான்.

வைகுந்த் தம்பி என்ன சொன்னார்? நல்லதோ கெட்டதோ எழுது.

உன்னையே நம்பியிருக்கும்,
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

பதில் இத்தனை தாமதமானதற்கு மன்னித்துக்கொள். நடுவில் காலில் நீர் கோத்துக்கொண்டது. புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு வீட்டில் வருகிறவர் போகிறவர் கூட்டம் வேறு. அனுக்ரஹாவுக்கும் ஜுரம். இப்படியே நாள் ஓடிவிட்டது.

வைகுந்துக்கு வேலை அதிகம். இன்னும் திட்டமாக ஒன்றும் தெரியவில்லை என்றான். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

ஆறாம், ஏழாம் அத்தியாயங்களை அனுப்புகிறேன். நீ கேட்டதை எழுதிவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சில் எழுதினேன். ரெக்ஸ் வருகிறான். உச்சி வெயிலில் படியேறி உள்ளே வருகிறான். "பசிக்குதும்மா" என்கிறான். மரிய புஷ்பம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வைக்கிறாள், சோற்றைப் போடுகிறாள், குழம்பை ஊற்றுகிறாள். அவன் தட்டில் கை வைக்கிறான். அங்கே 'தொடரும்'.

எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள் பரிபூரணம். உனக்கு நான் இருக்கிறேன்.
ஸாவித்ரி


ராஜபாளையம்
27 செப்டம்பர் 2025

என் அருமை ஸாவித்ரிக்கு,

நீ நூறு வயசு இருப்பாய். உன் பிள்ளை குட்டிகள் எல்லாம் நன்றாக இருக்கும்.

வந்துவிட்டான்.

உன் கடிதம் வந்தது புதன்கிழமை. அவன் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான். மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். முதுகுக்குப் பின்னால் "பசிக்குதும்மா" என்று கேட்டது. திரும்பினால் நிற்கிறான். பூட்ஸ் காலோடு நிற்கிறான், கால் முழுக்கச் சேறு. எப்படி வந்தாய், யார் கூட்டி வந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. உன் மரிய புஷ்பம் மாதிரியே தட்டை வைத்தேன். உட்கார்ந்தான். கை வைத்தான்.

அதிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

பிள்ளைக்கு எத்தனை மாதப் பசியோ. போடப் போடச் சாப்பிடுகிறான். சாயங்காலம் விளக்கேற்றியதும் பார்த்தால் இருக்க மாட்டான். தூங்கப் போய்விடுகிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். மறுநாள் உச்சிக்கு அதே இடத்தில், அதே தட்டில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். பேச்சு இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் பேசினான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். கையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. குளிர் தேசத்திலிருந்து வந்த பிள்ளை, அப்படித்தானே இருக்கும்.

நான் வேலைக்குப் போகவில்லை. உலை வைக்கவே நேரம் சரியாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே. ஏஜெண்ட் காதில் விழுந்தால் திரும்பக் கூட்டிப் போய்விடுவான்.

ஸாவித்ரி, இனி ஒரு வரி எழுதாதே. இப்படியே இருக்கட்டும்.

சந்தோஷத்துடன்,
பரிபூரணம்


சத்திரப்பட்டி
10 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஸாவித்ரி அம்மாவுக்கு,

பேக்கிங் செக்‌ஷன் பாண்டிசெல்வி வணக்கமா எழுதுறது. நீங்க நல்லா இருக்கீங்களா. பரிபூரணம் அக்காவைப் போய்ப் பாருன்னு கம்பெனி விலாசத்துக்கு நீங்க போட்ட லெட்டர் கிடைச்சது. அக்கா பதினஞ்சு நாளா வேலைக்கு வரல. ராக்கப்பன் அண்ணாச்சி பேரை எடுத்துருவேன்னு சொல்லுதாரு.

நீங்க சொன்ன மாதிரி நேத்து மத்தியானம் போனேன். அக்கா பாதி உடம்பா ஆயிட்டாவ. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு. அடுப்புல பெரிய உலை. "வா ஏட்டி, எட்வின் வந்துருக்கான், சாப்பிடுதான் பாரு"ன்னாவ. நான் பார்த்தேன். தரையில தட்டு இருந்தது. ஆள் யாரும் இல்ல.

அம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். அக்கா அகப்பை அகப்பையா சோறு போட்டாவ. நான் எண்ணிக்கிட்டே நின்னேன், ஒம்பது அகப்பை. தட்டுல ஒரு பிடி சோறுதான் இருந்தது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்த வெயில்லயும் அந்த ரூம்ல எனக்குப் பல்லு கிட்டிச்சு. அக்கா சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். "அவன் எந்திரிக்கட்டும், பொறவு சாப்பிடுதேன்"ன்னாவ. பதினஞ்சு நாளா அவிய வயித்துல என்ன போயிருக்கும்னு தெரியல.

கிளம்பும்போது, "ஏட்டி, பார்த்துப் போ, அவன் காலை மிதிச்சிராத"ன்னாவ. நான் சுவத்தோட ஒட்டி நடந்து வெளிய வந்தேன்.

இப்படியே போனா அக்கா தாங்க மாட்டாவ. எதாச்சும் செய்யுங்கம்மா.

இப்படிக்கு,
பாண்டிசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 அக்டோபர் 2025

பரிபூரணம்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்று எனக்கு யோக்கியதை இல்லை. பாண்டிசெல்வி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதியே வைகுந்த் சொல்லிவிட்டான். எட்வினோடு ஒரே பள்ளத்தில் கிடந்த கேரளத்துப் பையன் ஒருவன் தப்பி வந்திருக்கிறான். பிப்ரவரி ஒன்பதாம் தேதி குண்டு விழுந்ததாம். எட்வின் அங்கேயே போய்விட்டான். அந்தப் பையன்தான் குழி தோண்டியிருக்கிறான். சர்க்கார் காகிதம் வர இன்னும் நாளாகும்.

இரண்டு மாதம் இதை மனதில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லத் தைரியம் இல்லாமல்தான் ஏழாம் அத்தியாயத்தை எழுதினேன். நிஜத்தில் வராத பிள்ளை கதையிலாவது வரட்டும் என்று நினைத்தேன். அதுவும் என் புத்தி என்ன செய்தது பார்த்தாயா? வழக்கப்படி பாதியில் நிறுத்தியது. தட்டில் கை வைத்தவனை அப்படியே விட்டுவிட்டேன். பாவி நான்.

பாண்டிசெல்வியின் கடிதம் வந்ததிலிருந்து எட்டாம் அத்தியாயத்தோடு போராடுகிறேன். அவன் சாப்பிட்டு முடித்து எழுந்தான் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். பேனாவை எடுத்தால் "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றே எழுதுகிறது. பதினோரு தடவை கிழித்துவிட்டேன். ரெக்ஸ் நான் உண்டாக்கியவன், நான் எழு என்றால் எழுந்திருப்பான். இப்போது அங்கே உட்கார்ந்திருப்பது ரெக்ஸ் இல்லை. நீ பெற்ற பிள்ளை. என் சொல்லை அவன் ஏன் கேட்க வேண்டும்?

கார் அனுப்புகிறேன், இங்கே வந்துவிடு. என்னை அடிக்க வேண்டுமானாலும் வந்து அடி. முதலில் ஒரு வாய் சாப்பிடு.

ஸாவித்ரி


ராஜபாளையம்
3 நவம்பர் 2025

ஸாவித்ரிக்கு,

நீ அனுப்பிய காரை இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். டிரைவர் தம்பியைக் கோபிக்காதே. இப்போது கஞ்சி குடிக்கிறேன். நேற்றிலிருந்து கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. நீயும் அழுதுகொண்டே இருக்காமல் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். உன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது? நீ இரண்டு மாதம் மறைத்தாய். நான் எட்டு மாதமாக மறைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு பையன், மலையாளம் மாதிரி இருந்தது. "அம்மே, எட்வின்…" என்றான், அப்புறம் அழுதான். நான் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போட்டேன். எட்வின் கூப்பிடுவான் என்பதற்காக உன்னைக் கூப்பிடாதே என்று சொல்லவில்லை. வேறு யாரும் எதையும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். போன் இல்லாத வீட்டில் பிள்ளை சாக மாட்டான் என்று நினைத்தேன். நீ கதை எழுதுகிறேன் என்றதும், சரி, அதற்குள்ளாவது இருக்கட்டும் என்று சம்மதித்தேன்.

அவன் உயிரோடு வரவில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும் ஸாவித்ரி. பூட்ஸ் காலோடு அடுப்படிக்குள் வருகிற பிள்ளையா அவன்? ஆனாலும் "பசிக்குதும்மா" என்றால் எந்தத் தாய் தட்டை எடுக்க மாட்டாள்? முகத்தை அவன் ஒரு நாளும் நேராகக் காட்டவில்லை. எனக்குக் கோபம் உன்மேல் இல்லை, அந்தப் பசிமேல்தான். நாற்பது நாள் போட்டும் தீரவில்லை. அவனுக்கும் அது வேதனை என்று எனக்குத் தெரிந்தது. மென்று மென்று அவன் தாடை நடுங்கியது. நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தேன். பாவி நீ இல்லை, நான்.

அதனால் எட்டாம் அத்தியாயத்தை நானே எழுதினேன். கம்பெனி நோட்டில், உருண்டை எழுத்தில், எனக்குத் தெரிந்த மாதிரி. மரிய புஷ்பம், ரெக்ஸ் என்றெல்லாம் போடவில்லை. பரிபூரணம் என்றும் எட்வின் என்றும்தான் போட்டேன். "போதும்யா, கையைக் கழுவு" என்று எழுதினேன். புதன்கிழமை உச்சிக்கு, எழுதிய இடத்திலேயே அவன் கையை எடுத்தான். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன், கழுவினான். என் முந்தானையில் துடைத்துக்கொண்டான். வாசல் வரைக்கும் போனான். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். வாய்ப் பழக்கம் கைக்கும் வந்துவிட்டது. "போயிட்டு வா ராசா" என்று எழுதிவிட்டேன்.

நம் ஊரில் படியிறங்குகிற பிள்ளையை வேறு எப்படி அனுப்புவோம்? சனியனே என்று திட்டினாலும் 'போயிட்டு வா' என்றுதானே திட்டுவோம். வெறும் 'போ' என்று ஒரு தாய் வாயிலிருந்து வருமா? விமான நிலையத்திலும் அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் உச்சிக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

திரும்ப எழுதினேன். அந்த வரி வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் என் கை மறுபடியும் 'போயிட்டு வா' என்றே எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமையும் வந்தான். அன்று அவனால் உட்காரவே முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு மாதிரி மூச்சு விட்டான். அதைப் பார்த்த பிறகு இனி நான் யோசிக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை உச்சிக்கு எழுதினேன். வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதினேன். "போய்யா. வரச் சொல்ல மாட்டேன். அம்மா இருந்துக்கிடுவேன், நீ போ." அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். கன்னத்தில் மண் இருந்தது. மற்றபடி என் பிள்ளைதான். பெரிய சுமையை இறக்கி வைத்தவன் மாதிரி தோளைத் தளர்த்திக்கொண்டு படியிறங்கினான். நான் வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து தட்டைக் கழுவினேன். கதறினேன் ஸாவித்ரி, பக்கத்து வீட்டு அனுசியா ஓடி வருகிற மாதிரி கதறினேன்.

நேற்று கல்லறைத் திருநாள். பூசையில் வாசிக்கிறதற்கு இறந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். வருஷா வருஷம் தவசிமுத்து என்று மட்டும் எழுதுவேன். நேற்று அதன் கீழே எட்வின் என்று எழுதினேன். சாமியார் வாசித்தார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் எழுதிய எட்டாம் அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தொடர்கதை இதோடு முடியட்டும். பெயரை மாற்றிக்கொள், எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள், உன் பெயரிலேயே போட்டுக்கொள். அந்தக் கடைசி வரியில் மட்டும் கை வைக்காதே. ஒரு தாய் மகனைப் பார்த்து 'போ' என்பதா, அபசகுனம் என்று உன் எடிட்டர் மாற்றச் சொல்லுவார். அச்சுக்குப் போகும் முன் நீயே ஒவ்வொரு வரியாகப் பார். எங்கேயாவது 'போயிட்டு வா' என்று விழுந்துவிட்டால் என் பிள்ளை மறுபடியும் உச்சிக்கு வந்து உட்காருவான். இன்னொரு தடவை அவனை அனுப்ப எனக்குத் தெம்பு இல்லை.

பரிபூரணம்